போட்டியாளரே வந்து பார்க்கும் கணக்கு: அபாக் சோதனைச் சேவை பற்றிய மதிப்பீடு

பிரேசிலின் ரெசெண்டே நகரிலுள்ள யுரேனியச் செறிவூட்டல் ஆலைக்குள் (அணு உலைக்கோ, மேலும் கூட்டினால் குண்டுக்கோ பயன்படும்படி யுரேனியத்தின் வீரியத்தைக் கூட்டும் இடம்) அர்ஜென்டினாவைச் சேர்ந்த சோதனையாளர் நுழைகிறார். ஆலையின் கணக்கேட்டில் உள்ள யுரேனிய உருளைகளை எண்ணிப் பார்க்கிறார். உருளையைத் தராசில் ஏற்றி எடையைச் சரிபார்க்கிறார். முன்பு இட்ட முத்திரை உடைபடாமல் இருப்பதை அதன் எண்ணோடு ஒப்பிட்டு உறுதிசெய்கிறார். அர்ஜென்டினாவின் அணுக்கூடங்களில் இதே வேலையைப் பிரேசில்காரர் செய்கிறார். 1991-இல் தொடங்கப்பட்டு, ரியோ டி ஜெனிரோவிலிருந்து இயங்கும் அபாக் என்னும், இரு நாடுகளின் அணுப்பொருள் கணக்கைச் சரிபார்க்கும் கூட்டு முகமை அளிக்கும் சேவை இதுதான்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் இரு நாடுகளும் முன்பு இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் இராணுவ ஆட்சி. இரண்டும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றன. இரண்டும் மறைவாகச் செறிவூட்டலில் இறங்கியிருந்தன. பரானா ஆற்றில் இட்டாய்ப்பு அணை கட்டுவது பற்றிய தகராறு 1979-இல் தீர்ந்த பிறகே, 1980-இல் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தண்ணீர்த் தகராறு தீராமல் அணுவைப் பற்றிப் பேச வாய் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி, அது பிறப்பதற்கு முன்பே நடந்த வேலை. 1983 நவம்பரில், தன் நாட்டில் பில்கானியெவு என்ற இடத்தில் இரகசியமாகக் கட்டிய செறிவூட்டல் ஆலையைப் பற்றி உலகுக்கு அறிவிக்குமுன், அர்ஜென்டினா பிரேசில் அதிபருக்குச் செய்தி சொல்லியது. 1987 ஜூலையில் அர்ஜென்டின அதிபர் ராவுல் அல்ஃபோன்சின், பிரேசில் அதிபர் ஜோசே சர்னியை அதே ஆலைக்கு அழைத்துச் சென்று காட்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் தங்களுக்கும் செறிவூட்டல் கைவந்துவிட்டதை அறிவிக்குமுன் சர்னி அல்ஃபோன்சினுக்குத் தெரிவித்தார். 1988 ஏப்ரலில் பிரேசிலின் இபெரோவில் அரமார் செறிவூட்டல் ஆலையின் திறப்பு விழாவுக்கு அவரை வரவழைத்தார். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்தில், மிகவும் மூடி வைத்திருந்த கதவை இரு தலைவர்களும் தாமாகவே திறந்ததால்தான், 1991 ஜூலையில் மெக்சிகோவின் குவாதலஹாராவில் கையெழுத்தாகி அபாக்கை உருவாக்கிய ஒப்பந்தத்துக்கு உயிர் கிடைத்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆனால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. அந்த வேறுபாடு என்னை வருத்துகிறது.

அண்டை நாடுகள் இரண்டும் கூடிப் பேசி எதையாவது மறைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் 1991 டிசம்பரில் வியன்னாவில் இரு நாடுகள், அபாக் ஆகியவற்றோடு சர்வதேச அணுசக்தி முகமையையும் சேர்த்து நால்வர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1994-இல் அது நடைமுறைக்கு வந்தது. எனினும் குறை இல்லாமல் இல்லை. 2004-இல் ரெசெண்டேயில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களைத் தடுப்புப் பலகைகளால் மறைத்து, தொழில்நுட்ப இரகசியம் என்று பிரேசில் காரணம் சொன்னது. அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் சர்வதேச முகமையோடு உடன்பாடு ஏற்பட்டது. அந்த முகமைக்குச் சோதனையில் மேலும் உரிமை தரும் 'கூடுதல் நெறிமுறை' என்ற உடன்பாட்டையும் இரு நாடுகளும் ஏற்கவில்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. ஒருவரையொருவர் நம்புவது மற்ற நாடுகளின் ஐயத்துக்குப் பதிலாகிவிடாது.

ஆனாலும் அர்ஜென்டினா 1995-இலும் பிரேசில் 1998-இலும் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தன. இந்த முறையை வேறு பகை நாடுகள் அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. நேற்றுவரை போரிட்டவர்களுக்கு இது பொருந்தாது. எல்லைத் தகராறும் பழியுணர்வும் ஓரளவு அடங்கிய அண்டை நாடுகளுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

அடுத்த சோதனை கடலில் காத்திருக்கிறது. பிரேசில் அணுவிசையால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டி வருகிறது. அதன் எரிபொருளுக்குத் தனி நடைமுறை வகுத்துக்கொள்ள நால்வர் ஒப்பந்தம் இடமளிக்கிறது. அந்த நடைமுறையை எழுதும்போது, பில்கானியெவுவில் சர்னிக்குக் கிடைத்த அளவு வெளிப்படையான பார்வை அர்ஜென்டினச் சோதனையாளருக்கும் கிடைக்க வேண்டும்.