வயதான கினிப்பன்றிக்கு எந்தப் புல்? டிமோத்தியும் அருகம்புல்லும்

கினிப்பன்றியின் ஆயுள் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். ஐந்தைத் தாண்டிவிட்டால் கிழடுதான். எங்கள் புஜ்ஜிக்கு ஆறு வயது ஆகிறது. கண் மங்கிவிட்டது, நடையும் தளர்ந்துவிட்டது. இந்த வயதில் கூண்டுத் தரை ஈரமில்லாமல் மெத்தென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். கோடையில் நிழலும் காற்றும் வேண்டும். இதிலெல்லாம் யாரும் சண்டை போடப்போவதில்லை. குழப்பம் எல்லாம் தீனியில்தான்.

கடையில் கிடைப்பவை டிமோத்தி உலர்புல், குதிரைமசால் (பாக்கெட்டில் வந்தால் அல்ஃபால்ஃபா), பெல்லட் (அரைத்து அழுத்திய குச்சித் தீனி). கடைக்கு வெளியே கிடைப்பது அருகம்புல். நான் சாய்வது அருகம்புல் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குதிரைமசாலை உடனே ஒதுக்கிவிடலாம். குட்டிக்கும் சினைக்கும் நல்லது, ஆனால் கால்சியம் அதிகம். கினிப்பன்றியின் குடல் கால்சியத்தைக் கணக்குப் பார்க்காமல் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமெல்லாம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வயதான பிராணிக்கு அது சிறுநீர்ப்பையில் கல்லாகிவிடக்கூடும். முருங்கைக்கீரையை அள்ளிப் போடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். வைக்கோலில் சத்து மிகக் குறைவு, அது பேச்சுக்கே வேண்டாம்.

இனி பல். என் முடிவு முழுக்க இதை வைத்துத்தான். கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பல் தேய வேண்டுமானால் தாடை பக்கவாட்டில் அசைந்து அசைந்து அரைக்க வேண்டும். நீளமான புல் இழைதான் அந்த வேலையை வாங்கும். பெல்லட்டை நறுக்கென்று நொறுக்கி விழுங்கிவிடும், அரைப்பது குறைவு. தேயாமல் விட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் மாதிரி மூடிக்கொள்ளும். பசியோடு தட்டை நோக்கி ஓடிவரும், வாயில் எடுக்கும், விழுங்க முடியாமல் போட்டுவிடும். தாடை எச்சிலில் நனைந்திருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால் அதன் குடல் இயக்கமே நின்றுபோகலாம், உயிருக்கே ஆபத்து.

சரி, வெட்டிச் சீர்செய்ய முடியாதா? முடியும். ஆனால் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும், கிழட்டு உடம்புக்கு அது சின்ன விஷயம் இல்லை. முன்பல்லை நறுக்கிவிட ஆள் கிடைப்பார். வாய்க்குள் ஆழம்வரை பார்த்துக் கடைவாய்ப் பல்லைச் சரிசெய்யத் தெரிந்த கால்நடை மருத்துவரைப் பெரிய ஊர்களிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே எந்தப் புல்லை அதிக நேரம் மெல்லுகிறதோ அதுதான் எனக்குப் புல்.

டிமோத்தி நல்ல புல்தான். கால்சியம் அளவோடு இருக்கும், நார் நிறைய. கப்பல் ஏறி வருவதால் விலையும் நிறைய, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வரும் பாக்கெட்டுகளில் தடித்த காம்புதான் அதிகம். இளவயதில் அதையும் கடித்துத் தள்ளிய புஜ்ஜி, இப்போது இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் காம்பை அப்படியே விட்டுவிடுகிறது. அருகம்புல் என்றால் ஒவ்வொரு இழையாக உள்ளே இழுத்து அரைத்துக்கொண்டே இருக்கும். பச்சையில் நீர் இருப்பதால், தண்ணீர் குறைவாகக் குடிக்கிற நாளிலும் உடம்புக்குக் கொஞ்சம் நீர் போய்ச் சேரும். கல் பயம் உள்ள பிராணிக்கு இது பெரிய ஆறுதல்.

வைட்டமின் சி பற்றி ஒரு வார்த்தை. மனிதர்களைப் போலவே கினிப்பன்றிக்கும் அதை உடம்பில் தயாரித்துக்கொள்ள வராது. ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். புல்லைக் காயவைக்கும்போது அது பெரும்பகுதி போய்விடும். பச்சைப் புல்லை மட்டும் நம்பவும் கூடாது; குடைமிளகாய் ஒரு துண்டு, கொய்யா சின்னத் துண்டு என்று தனியாகக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர்ப் புட்டியில் சொட்டு மருந்து கலப்பது வீண்: வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும், சுவை மாறினால் தண்ணீரையே குடிக்காமல் விட்டுவிடும்.

அருகம்புல்லின் தொல்லை பராமரிப்பில்தான் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. சாலையோரத்தில் பறித்தால் நாய் மூத்திரமும் புகையும். பூச்சிமருந்து அடித்த புல்தரை கூடவே கூடாது. பிள்ளையார் கோயில் வாசலில் வாங்கும் கட்டில் கோரையும், சில சமயம் பார்த்தீனியக் கன்றும் கலந்து வரும். பிரித்துப் பார்க்காமல் போடக்கூடாது. பலமுறை அலசி, உதறி, ஈரம் வடியவிட வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அதைத் தின்றால் வயிறு உப்பும். இதுவரை பச்சையே பழகாத பிராணிக்கு முதல் நாள் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், இரண்டு வாரமாவது மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

அடைமழை மாதங்களில் சுத்தமான அருகு கிடைப்பது கஷ்டம். அப்போது நானும் டிமோத்திக்குத்தான் போகிறேன், காம்பைக் கழித்து மெல்லிய பகுதியை மேலாக வைத்து. பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். பூசணம் பிடித்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மாட்டுக்குப் போடும் கோ-4 தீவனப்புல்லைச் சிலர் சொல்கிறார்கள். அதில் ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய பொருள்) இருப்பதால் நான் எப்போதாவது ஓரிரு தாள் கொடுத்ததோடு சரி, தொடர்ந்து போட்டவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எந்தப் புல்லுக்கு மாறினாலும் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். வளர்ந்த கினிப்பன்றி பெரும்பாலும் 700 முதல் 1200 கிராம் இருக்கும். தட்டில் புல் குறைகிறது, எடையும் குறைகிறது என்றால் புல்லை மாற்றிப் பார்ப்பதில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.