முன், பின் டிபரன்சியல்களின் பல்லை எண்ணாமல் காசு அனுப்பாதீர்கள்: 4,200 டொலர் இழந்த என் அனுபவம்

மெல்பேர்ணில் கேம்பர் வான் கட்டிக்கொண்டிருக்கும் தமிழர்கள், பழைய டிபரன்சியல் (எஞ்சினின் சுழற்சியை இடது, வலது சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) வாங்கக் கையைக் காசில் வைப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். பழைய பொருட்களை விற்கும் இணையத்தளம் ஒன்றில் விளம்பரம் போட்டிருந்தவரிடம் 4,200 டொலரைக் கொடுத்து ஏமாந்து இன்றுடன் பதினொரு நாட்கள் ஆகின்றன. அவர் என் அழைப்பை எடுப்பதை நிறுத்தி ஐந்து நாட்கள் ஆகின்றன. கோபம் ஆறுவதற்கு முன்னரே எழுதுகிறேன்.

என்னுடையது பின்சில்லு மட்டும் இழுக்கும் பழைய ரொயோட்டா ஹயஸ் வான். அதற்குப் பழைய ஹைலக்ஸின் முன், பின் ஆக்சில்களைப் பொருத்தி, நான்கு சில்லும் இழுக்கும் வாகனமாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டில், தண்ணீர்த் தாங்கி, பற்றரி, அடுப்பு எல்லாம் ஏறியபின் பாரம் பெரும்பாலும் பின்னால்தான் விழும் என்பதால், பின் ஆக்சிலுக்குத் தேவையானபோது காற்றழுத்தத்தால் இரண்டு சில்லையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டக்கூடிய டிபரன்சியலும், முன்னால் பூட்டில்லாத சாதாரண டிபரன்சியலும் என்று தீர்மானித்திருந்தேன். முன்பக்கத்தையும் பூட்டினால் சேற்றில் உதவும், ஆனால் ஸ்டியரிங் திருப்பக் கடினமாக இறுகிவிடும். நழுவலை ஓரளவு மட்டும் தடுக்கும் எல்எஸ்டி வகையோ, ஒரு சில்லு முழுதாக அந்தரத்தில் நிற்கும்போது அதிகம் கைகொடுக்காது, அதன் தட்டுகளும் காலப்போக்கில் தேய்ந்துவிடும். ரயர் சுமார் பத்து வீதம் உயர்ந்ததால் பழைய 4.30 விகிதம் (சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, டிபரன்சியலுக்கு வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு) அந்தப் பாரத்துக்குப் போதாது. பத்து வீதம் கூட்டினால் 4.73 வரும், ஹைலக்ஸுக்குக் கிடைப்பவற்றில் அதையொட்டி நான் தெரிவுசெய்தது 4.88. இவ்வளவையும் கணக்குப் பார்த்தவன்தான் நான். பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் பார்க்கவில்லை.

விளம்பரத்தில் "4.88, முன்னும் பின்னும் சோடி, பின்னதில் ஏர் லொக்கர்" என்று இருந்தது. தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறினார். "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நாங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர். நீங்கள் முற்பணம் ஒண்டும் அனுப்பவேண்டாம், நேரில வந்து பாருங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் என் சந்தேகம் எல்லாம் கரைந்தது. போனபோது தேநீர் தந்தார். கொட்டிலில் இருபதுக்கும் மேற்பட்ட டிபரன்சியல்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. பின்னதை மேசையில் வைத்து, கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தின் ஒரு பல்லில் வெள்ளைப் பெயின்ற் தடவி, எனக்கு முன்னாலேயே சுற்றி எண்ணினார்: கிரவுனில் 39, அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரமான பினியனில் 8. வகுத்தால் 4.875, அதாவது 4.88. முன்னதோ கிறீஸ் பூசிப் பிளாஸ்ரிக்கால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அதையும் எண்ணலாமா என்று கேட்டேன். "பிரிச்சால் தூசி ஏறும் தம்பி. இரண்டும் ஒரே வாகனத்தில கழட்டினது. நான் உங்களுக்குப் பிழையான சாமான் தருவனோ?" என்றார். அதற்குமேல் கேட்பது அவரை அவமதிப்பதுபோல எனக்குப் பட்டது. அங்கேயே நின்று வங்கி மூலம் 4,200 டொலரை அவருடைய கணக்குக்கு மாற்றினேன்.

வானில் பொருத்தி முடிந்து, ஒரு மண் வீதியில் நான்கு சில்லையும் இணைத்து ஓடியபோதே முன்பக்கம் இழுபட்டது. புது வேலை, பழகிவிடும் என்று நினைத்தேன். தார் வீதியில் ஏறி, இரண்டு சில்லுக்கு மாற்ற லீவரை இழுத்தால் அது அசையவில்லை. ஸ்டியரிங் கல்லாக இருந்தது. அடியிலிருந்து ஒரு தரம் "டங்" என்ற சத்தம், பிறகு சூடேறிய ஒயில் மணம். கராஜில், முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்பர் கேஸின் ஒயிலை இறக்கியபோது, கறுத்த ஒயிலுக்குள் இரும்புத் தூள் வெள்ளிபோல மினுங்கியது. மெக்கானிக் வேறொன்றும் சொல்லாமல் ஒரு முன் சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கி, தண்டு வந்து சேரும் டிபரன்சியலின் முகப்பில் சோக்கால் கோடு போட்டு, அந்தச் சில்லைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால், இந்த இரண்டு சுற்றுக்குக் கோடு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். கோடு நாலரைச் சுற்றைச் சற்றே தாண்டி நின்றது. பின்பக்கத்தில் அதையே செய்தபோது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. கழற்றி எண்ணினோம்: முன்னதில் 41க்கு 9, அதாவது 4.56.

இந்த ஏழு வீத வித்தியாசம் சின்னதல்ல. நடுவில் டிபரன்சியல் இல்லாத இவ்வகை வாகனத்தில் முன், பின் தண்டுகள் ஒரே வேகத்தில் சுழலும். ஆகவே பின் சில்லு நூறு சுற்றுச் சுற்றும்போது முன் சில்லு நூற்றியேழு சுற்றப் பார்க்கும். தார் வீதியில் ரயர் சறுக்கி அந்த முறுக்கை விட்டுக்கொடுக்காது, அது முழுவதும் ட்ரான்ஸ்பர் கேஸிலும் தண்டுகளின் மூட்டுகளான யூ ஜொயின்றுகளிலும் போய் நிற்கும். போதாததற்கு, அவர் எண்ணிக் காட்டிய பின் டிபரன்சியலின் பூட்டும் வேலை செய்யவில்லை. காற்றை விடுவித்ததும் குழாய் வழியே ஒயில் தெறித்தது. உள்ளே சீல் போய்விட்டது. இரண்டையும் திருத்தும் செலவுக்கு வேறு சோடியே வாங்கலாம் என்கிறார் மெக்கானிக். ஆக, 4,200 டொலரும் போனது போனதுதான். ட்ரான்ஸ்பர் கேஸ் திருத்தும் செலவு தனி.

முதல் அழைப்பில் அவர், "பிழையான ஒயில் விட்டிருப்பியள்" என்றார். பல்லு எண்ணிக்கைக்கும் ஒயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்கு, "உங்கட மெக்கானிக் மாத்தி வைச்சிட்டு என்னில பழி போடுறார்" என்றார். மூன்றாம் நாள் "தம்பி" போய், "மிஸ்டர், பழைய சாமானுக்குப் பொறுப்பில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் தங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே பாதுகாப்பு இல்லை என்று தளத்திலிருந்து இயந்திரப் பதில் வந்தது. நானே விரும்பி அனுப்பிய பணம் என்று வங்கி கையை விரித்தது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும், ஆனால் அவர் வியாபாரமாக விற்பவர் என்று காட்ட வேண்டும். விளம்பரத்திலோ தனிநபர் என்று போட்டிருக்கிறார். கொட்டிலில் நான் தற்செயலாக எடுத்த இரண்டு படங்களுடன் விக்டோரியா நுகர்வோர் அலுவலகத்துக்கு முறையிட்டிருக்கிறேன், அடுத்ததாக விகேட் என்ற விக்டோரியா குடியியல், நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கும் போவேன்.

டிபரன்சியல் தெரிவுசெய்வது பற்றி விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது மனம் ஓடவில்லை. முன்னது, பின்னது இரண்டின் பல்லையும் உங்கள் கையாலேயே எண்ணுங்கள். பூட்டுக்குக் காற்றுக் கொடுத்துப் பூட்டுகிறதா, காற்று நிற்கிறதா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். பற்றுச்சீட்டில் விகிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆக்சில் மாற்றத்துக்கு எப்படியும் வாஸ் (விக்டோரியாவில் வாகன மாற்றங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் திட்டம்) பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும், ஆகவே வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள்.

இன்று காலை அதே தளத்தில், வேறொரு பெயரில், அதே மேசையும் வெள்ளைப் பெயின்ற் பூசிய அதே பல்லும் தெரியும் படத்துடன் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. "4.88, முன்னும் பின்னும் சோடி" என்று போட்டிருக்கிறது. விலை 4,200 டொலர்.