கை நடுக்கத்துக்கு எது: மின்முனையா, ஒலி அலையா?

மாத்திரைக்கு அடங்காத கை நடுக்கத்துக்கு டாக்டர் இரண்டு வழி சொல்கிறார்: மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் டிபிஎஸ் (ஆழ்மூளைத் தூண்டல்), அல்லது குவித்த ஒலி அலையால் மூளையில் ஒரு சிறு இடத்தைச் சுடுவது. எதை எடுப்பது?

அனுபவம்: டிபிஎஸ்ஸுக்கு 1997-லேயே அமெரிக்க அனுமதி, ஒலி அலைக்கு 2016-ல்தான்.

வெட்டு: டிபிஎஸ் என்றால் மண்டையில் துளை, மூளைக்குள் மின்முனை, நெஞ்சுத் தோலடியில் பேட்டரி. ஒலி அலைக்குக் கத்தியே இல்லை. தலையை மழித்து, 1024 ஒலிமுனைகள் உள்ள கவசம் மாட்டி எம்ஆர்ஐக்குள் படுக்க வேண்டும். நடுநடுவே சுருள் வரையச் சொல்வார்கள். நெளிந்த கோடு அங்கேயே சீராவதைப் பார்க்கலாம்.

திருத்தம்: டிபிஎஸ்ஸைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஒலி அலை சுட்ட இடம் சுட்டதுதான்.

பராமரிப்பு: டிபிஎஸ்ஸின் சாதா (சார்ஜ் ஏற்ற முடியாத) பேட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்றணும். ஒலி அலையில் அந்தத் தொல்லை இல்லை.

இரு கையும் நடுங்கினால் டிபிஎஸ் பக்கம்தான் சாய்வேன். ஆபரேஷன் தாங்காத உடம்பா? ஒலி அலை. ஆனால் மண்டை ஓடு ஒலியை உள்ளே விடுமா என்று முதலில் சிடி எடுத்துப் பார்ப்பார்கள்.