தாள் உண்டு, கூட்டுத்தொகை இல்லை: கென்யத் தேர்தல் ஆணையத்தின் 2022 முடிவுத் தளம், ஒரு மதிப்பாய்வு

கென்யாவின் தேர்தல் ஆணையம் 2022 ஆகஸ்ட் 9 அன்று நடந்த அதிபர் தேர்தலுக்காகத் திறந்துவைத்த பொது இணையதளத்தை, அரசு ஒன்று தன் குடிமக்களுக்கு அளித்த சேவை என்ற அளவில் இங்கு மதிப்பிடுகிறேன். நாடு முழுவதும் இருந்த 46,229 வாக்குச்சாவடிகள் ஒவ்வொன்றிலும் கையால் எழுதப்பட்ட முடிவுத் தாளின் படத்தை, வெற்றியாளர் அறிவிக்கப்படுவதற்குப் பல நாள்கள் முன்பே, எவரும் திறந்து பார்க்கும்படி வைத்த தளம் இது. கென்யாவில் வாக்கே இல்லாத என்னைப் போன்றவர்களும் எங்கோ ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. வாக்கெடுப்பு முடிந்து முடிவு வரும்வரை ஒரு நாடு அஞ்சிக் காத்திருக்கும் நாள்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட சேவைகளில் நான் அறிந்தவரை இதுவே சிறந்தது. ஆனால் அதன் ஒரு பெரிய குறை, அது தணிக்க வேண்டிய அச்சத்தையே சில நாள்கள் வளர்த்தும் விட்டது.

கென்யர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அறியாமல் இந்தச் சேவையை அளக்க முடியாது. 2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலில் தொடக்கத்தில் எதிர்க்கட்சி வேட்பாளர் ரைலா ஒடிங்கா முன்னணியில் இருந்தார். முடிவுகள் வருவது தாமதமாகத் தாமதமாக அந்த முன்னணி கரைந்தது. டிசம்பர் 30 அன்று பதவியிலிருந்த அதிபர் முவாய் கிபாக்கி வென்றதாக அறிவித்தார்கள். இருட்டுவதற்குள் அதிபர் மாளிகையில் அவசர அவசரமாகப் பதவியேற்பும் நடந்துவிட்டது. நேரலை ஒளிபரப்புகளுக்குத் தடை விழுந்தது. உண்மையில் வென்றவர் கிபாக்கிதானா என்பது தமக்கே தெரியாது என்று ஆணையத்தின் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டு சில நாள்களில் சொன்னார். அடுத்த இரண்டு மாதங்களில் 1,100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். எல்டோரெட் அருகே கியாம்பா என்ற ஊரில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களோடு ஒரு தேவாலயமே கொளுத்தப்பட்டது. தென்னாப்பிரிக்க முன்னாள் நீதிபதி யோகன் கிரீக்லர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, வாக்குகளைத் தொகுத்த முறை அவ்வளவு கெட்டுப்போயிருந்ததால் யார் வென்றார் என்பதை இனி எவராலும் கண்டறிய முடியாது என்றது. கொலைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தேர்தல் நிர்வாகத்தை மட்டும் பார்த்தால், இதைவிடக் கடுமையான தீர்ப்பு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பிறகு வந்த இரு தேர்தல்களிலும் தொழில்நுட்பம் வந்தது, நம்பிக்கை வரவில்லை. 2013இல் மின்னணு முறையில் முடிவுகளை அனுப்பும் ஏற்பாடு பாதி வழியில் படுத்துவிட்டது. செல்லாத வாக்குகளை எட்டு மடங்காகப் பெருக்கிக் காட்டிய மென்பொருள் பிழையைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2017இல் ஆணையத்தின் தகவல் தொழில்நுட்ப மேலாளர் கிறிஸ் முசாண்டோ தேர்தலுக்குச் சில நாள்கள் முன்பு கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அந்த ஆண்டு ஆணையத்தின் திரையில் எண்கள் நிமிடத்துக்கு நிமிடம் ஓடின. அவற்றுக்கு ஆதாரமான வாக்குச்சாவடித் தாள்களில் ஆயிரக்கணக்கானவை மட்டும் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, திரையில் ஓடியவை சட்ட மதிப்பில்லாத வெறும் புள்ளிவிவரங்கள் என்று ஆணையமே வாதிட்டது. சர்வர்களைத் திறந்து காட்டும்படி நீதிமன்றம் இட்ட உத்தரவும் முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பர் 1 அன்று தேர்தலையே ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் பதவியிலிருந்த அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை.

ஆக, 2017இல் கூட்டுத்தொகை இருந்தது, தாள் இல்லை. 2022இன் தளத்தை வடிவமைத்தவர்கள் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார்கள்.

சேவை இயங்கும் முறை எளிமையானது. அதன் வலிமையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. ஒரு வாக்குச்சாவடியில் அதிகபட்சம் 700 வாக்காளர்கள். மாலையில் பெட்டியைத் திறந்து, முகவர்களின் கண் முன்னே ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணுகிறார்கள். எண்ணிக்கை முடிந்ததும் தலைமை அலுவலர் 34ஏ என்ற படிவத்தில் நான்கு வேட்பாளர்களின் வாக்குகளையும் எழுதுகிறார், முகவர்கள் கையொப்பமிடுகிறார்கள், ஒரு நகல் சாவடியின் கதவில் ஒட்டப்படுகிறது. காலையில் வாக்காளரின் விரல்ரேகையைச் சரிபார்த்த அதே கைக்கருவியால் அலுவலர் அந்தப் படிவத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். படம் தளத்தில் ஏறுகிறது. சாவடியின் முடிவே இறுதியானது, மேலே இருப்பவர்கள் அதைக் கூட்டலாமே தவிர மாற்றக் கூடாது என்பதை 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. அந்தச் சட்டக் கொள்கையைக் கண்ணால் பார்க்கும் பொருளாக மாற்றிக் கொடுத்தது இந்தத் தளம் என்பேன்.

பயன்படுத்திப் பார்த்தவருக்குத் தளத்தின் முகப்பு வறட்சியாகவே தோன்றியிருக்கும். வண்ண வரைபடம் இல்லை, ஏறி இறங்கும் பட்டைகள் இல்லை. கவுன்டியைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் தொகுதி, அதற்குள் வார்டு, அதற்குள் வாக்குப்பதிவு மையம் என்று இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு படிவத்தின் படம் வரும். பல படங்கள் கோணலாக இருந்தன, சிலவற்றில் நிழல் விழுந்திருந்தது, எழுத்து அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. தேர்தல் முடிவை அழகான திரையில் பார்த்துப் பழகியவர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்த ஓர் அலுவலர் இரவில் எழுதிய கையெழுத்தும், அதன் கீழே போட்டிக் கட்சிகளின் முகவர்கள் இட்ட ஒப்பங்களும் தருகிற நம்பகத்தை எந்த வரைபடமும் தராது. தன் ஊர்ச் சாவடிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தவர் அதே தாளைத் தளத்திலும் பார்த்தார் என்றால், முறைகேடு செய்ய நினைப்பவர் இனி ஆயிரக்கணக்கான கதவுகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வேகத்திலும் சேவை வியக்க வைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் போதிய கைப்பேசி இணைப்பு இல்லாத பகுதிகளில் இருந்தும், மறுநாள் மாலைக்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட படிவங்கள் ஏறிவிட்டன. 2007ஐ நினைவில் வைத்திருந்த நாட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் திருட்டு நடக்கும் மணி நேரம் என்று பதினைந்து ஆண்டுகளாக நம்பி வந்தவர்கள், இம்முறை தாள்கள் தாமதமாகவில்லை என்பதைக் கண்டார்கள்.

இனிக் குறைக்கு வருகிறேன். படிவங்கள் எல்லாம் இருந்தன; அவற்றைக் கூட்டினால் என்ன வருகிறது என்பது தளத்தில் எங்கும் இல்லை. கூட்டுத்தொகையை அறிவிக்கும் அதிகாரம் ஆணையத் தலைவருக்கே உரியது, அதுவும் 290 தொகுதிகளின் தேர்தல் அலுவலர்கள் மூலப் படிவங்களோடு நைரோபியின் போமாஸ் அரங்குக்கு நேரில் வந்து சரிபார்த்த பிறகே என்பது விதி. விதியில் தவறில்லை. ஆனால் 46,000 தாள்களைக் கொடுத்துவிட்டு, நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாட்டிடம் சொன்னால் என்ன ஆகும்? ஊடக நிறுவனங்கள் ஆள்களை அமர்த்தித் தனித்தனியாகக் கூட்டத் தொடங்கின. ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊர்த் தாள்களிலிருந்து தொடங்கியதால், ஒரே நேரத்தில் ஒரு தொலைக்காட்சியில் அப்போதைய துணை அதிபர் வில்லியம் ரூட்டோ முன்னணியில் இருந்தார், இன்னொன்றில் மறுபடியும் போட்டியிட்ட ஒடிங்கா. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த வதந்திக்கு அவல் கிடைத்தது. சில நாள்களில் பெரிய ஊடகங்கள் கூட்டுவதை மெதுவாக்கின, பின்னர் நிறுத்தியே விட்டன. ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வி அதைவிடப் பெரிய வதந்தியானது. அந்த வாரத்தில் நைரோபியின் தெருக்கள் வெறிச்சோடின, பள்ளிகள் திறப்பது தள்ளிப்போனது, வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். போமாஸ் அரங்கில் கட்சி முகவர்கள் ஒவ்வொரு தாளையும் தடயவியல் ஆய்வு செய்வதுபோல் துருவுவதால் பணி தாமதமாகிறது என்று ஆணையத் தலைவர் வஃபுலா செபுகாத்தி குறைபட்டுக்கொண்டார். (துருவிப் பார்க்கத்தானே அவர்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றியது.)

ஆகஸ்ட் 15 அன்று அச்சம் உச்சத்தைத் தொட்டது. ஆணையத்தின் ஏழு உறுப்பினர்களில் துணைத் தலைவர் ஜூலியானா செரேரா உள்ளிட்ட நால்வர் நகரின் ஓர் ஓட்டலில் செய்தியாளர்களைக் கூட்டி, அறிவிக்கப்படவிருக்கும் முடிவுக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். போமாஸ் மேடையில் நாற்காலிகள் பறந்தன, கைகலப்பு நடந்தது. அதற்கிடையே வில்லியம் ரூட்டோ 71,76,141 வாக்குகள், அதாவது 50.49 விழுக்காடு பெற்று வென்றதாகவும், ஒடிங்கா 69,42,930 வாக்குகள், 48.85 விழுக்காடு பெற்றதாகவும் செபுகாத்தி அறிவித்தார். வேறுபாடு 2,33,211. 2007இல் இதே ஒடிங்கா தோற்றதாகச் சொல்லப்பட்ட வேறுபாடும் ஏறத்தாழ 2,32,000தான். அந்த எண்ணை மறக்காதவர்கள் ஒடிங்காவின் கோட்டையான கிசுமுவில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அன்றிரவு கிசுமுவிலும் நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவிலும் டயர்கள் எரிந்தன, ரூட்டோவின் கோட்டையான எல்டோரெட்டில் மக்கள் ஆடினார்கள்.

மறுநாள் நால்வரும் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள்: நான்கு வேட்பாளர்களின் விழுக்காடுகளையும் கூட்டினால் 100.01 வருகிறது, அந்த 0.01 விழுக்காடு ஏறத்தாழ 1,42,000 வாக்குகள் ஆகும் என்றார்கள். பதிவான செல்லத்தக்க வாக்குகள் ஏறத்தாழ 1 கோடியே 42 லட்சம், அதில் 0.01 விழுக்காடு என்பது 1,420 வாக்குகள்தான். அதுவும் காணாமற்போன வாக்குகளல்ல. இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கியதால் வந்த எச்சம். பள்ளி மாணவர் ஒருவர் காகிதத்தில் போட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய இந்தப் பதில் பரவுவதற்குள் ஐயம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. ஆணையமே கூட்டுத்தொகையை நாள்தோறும் ஏற்றி, அதன் கணக்கு முறையையும் பக்கத்திலேயே விளக்கியிருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆனால் சேவையின் உண்மையான சோதனை நீதிமன்றத்தில்தான் நடந்தது, அங்கே அது தேறியது. முடிவு செல்லாது என்று அறிவித்த ஒடிங்கா தெருவை நம்பாமல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். படிவங்கள் தளத்துக்கு வரும் வழியில் இடைமறித்துத் திருத்தப்பட்டன என்பது முக்கியக் குற்றச்சாட்டு. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மூலப் படிவங்களையும் தளத்தின் படங்களையும் ஒப்பிட்டார்கள், சில சாவடிகளில் வாக்குகளை மறுபடியும் எண்ணினார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தலைமை நீதிபதி மார்த்தா கூமே தலைமையில் ஏழு நீதிபதிகளும் செப்டம்பர் 5 அன்று ஒருமனதாக முடிவை உறுதி செய்தார்கள். தீர்ப்பைத் தாம் ஏற்கவில்லை என்றாலும் மதிப்பதாக ஒடிங்கா சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், ஆணையத்தின் வழக்கறிஞர், நீதிபதி, வீட்டிலிருந்து பார்த்த குடிமகன் ஆகிய நான்கு பேரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடிந்த முதல் கென்ய அதிபர் தேர்தல் வழக்கு இது.

இந்த அமைதிக்குரிய பெருமை முழுவதையும் இணையதளத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2007இல் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட ரிஃப்ட் பள்ளத்தாக்கின் காலென்ஜின், கிகுயு இன மக்களில் பெரும்பாலோர் 2022இல் ஒரே வேட்பாளரான ரூட்டோவுக்கு வாக்களித்தார்கள். பதவி விலகும் அதிபர் உகுரு கென்யாட்டா ஒடிங்காவை ஆதரித்ததால் ஆளுங்கட்சி எது, எதிர்க்கட்சி எது என்ற கோடே கலங்கியிருந்தது. 2017இல் ஒரு தேர்தலை ரத்து செய்து காட்டிய நீதிமன்றத்தின் மீது தோற்றவர்களுக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. மேலும், இணையக் கட்டணம் கட்ட முடியாத, ஆங்கிலப் படிவத்தைப் படித்தறியாத ஏழைக்கு இந்தச் சேவை நேரடியாக எதையும் தரவில்லை. அவருக்குச் செய்தி அண்டைவீட்டாரின் கைப்பேசி வழியாகவும், அந்த அண்டைவீட்டாரின் கட்சிச் சார்பு வழியாகவும்தான் போய்ச் சேர்ந்தது.

இதை நகலெடுக்க நினைக்கும் நாடுகள் நைஜீரியாவையும் பார்க்க வேண்டும். அங்கே 2023 பிப்ரவரி 25 தேர்தலுக்கு இதேபோன்ற தளம் வாக்குறுதியளிக்கப்பட்டது. நாடாளுமன்ற முடிவுகள் ஏறின. அதிபர் தேர்தலின் தாள்கள் மட்டும் உரிய நேரத்தில் ஏறவில்லை. காட்டுவேன் என்று சொல்லிக் காட்டாமல் போன தளம், தளமே இல்லாததைவிட அதிக ஐயத்தை விதைத்தது.

கென்யாவின் அடுத்த அதிபர் தேர்தல் 2027 ஆகஸ்டில் வருகிறது. பழைய உறுப்பினர்கள் போன பிறகு நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த ஆணையத்துக்கு 2025 ஜூலையில்தான் புதிய தலைவர் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஒடிங்கா காலமானார். தளத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பதே புதிய ஆணையத்தின் முதல் கடமை. அதன் மேல், ஒவ்வொரு படமும் ஏறிய நேரத்தைப் படத்தோடு காட்ட வேண்டும்; எல்லாப் படிவங்களையும் ஒரே தொகுப்பாகப் பதிவிறக்க வழி வேண்டும்; இத்தனை சாவடிகளின் தாள்கள் வந்துள்ளன, அவற்றின் கூட்டுத்தொகை இது, இது இறுதி முடிவு அல்ல என்ற குறிப்போடு ஆணையமே எண்களையும் வெளியிட வேண்டும்; படிவத்தைப் படிக்கும் முறையைச் சுவாகிலியில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்க வேண்டும். விழுக்காடுகளின் கீழே "முழுமையாக்கப்பட்டவை" என்று ஒரு வரி அச்சிடுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது.