ஜெர்மனியா, இங்கிலாந்தா, கொரியாவா: ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க நாங்கள் போட்ட கணக்கு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏறத்தாழ எட்டு மாதம் ஒரு மடிக்கணினி திறந்தே கிடந்தது. அதில் ஓர் எக்செல் தாள், மூன்று நாடுகளுக்கு மூன்று பத்தி. மகள் இங்கே சிங்கப்பூரில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படிக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தாள். அவள் மனத்தில் கொரியா. அவள் அப்பாவுக்கு இங்கிலாந்து. லெஸ்டரில் அவருடைய சித்தப்பா குடும்பம் இருக்கிறது, பிள்ளைக்கு வாரம் ஒருமுறையாவது ரசம் சோறு கிடைக்குமே என்று. பொறியியல் என்றால் ஜெர்மனிதான் என்பது என் கட்சி.

ஆளுக்கொரு நாடு பிடித்துக்கொண்டு விமான டிக்கெட், வாடகை, சாப்பாடு என்று செலவை எழுதத் தொடங்கினோம். மூன்று பேரும் கணக்கைத் தப்பான முனையில் தொடங்கியிருக்கிறோம் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

தாளில் முதலில் அடிக்கப்பட்டது கல்விக் கட்டணம் என்ற வரிசை. பரிமாற்றத்தில் போகிறவர்கள் வழக்கமான கட்டணத்தை இங்கே தங்கள் பல்கலைக்கழகத்துக்கே கட்டுகிறார்கள். அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. லண்டனோ கொரியாவின் சோல் நகரமோ, ஒரே தொகை. "அங்க ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை, ஒப்பீட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. மதிப்பெண்ணும் அப்படித்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சரி, பரிமாற்றத்தில் எடுத்த பாடங்களின் கிரேடு ஜிபிஏ என்ற ஒட்டுமொத்தச் சராசரியில் சேராது. தேவையான அளவுக்குத் தேர்ச்சி பெற்றால் போதும், பட்டத்துக்குச் சேர்க்கவேண்டிய பாடப்புள்ளியான யூனிட் வந்துவிடும்.

அப்படியானால் பணத்தைத் தின்னக்கூடியது எது? இங்கே கணக்கில் ஏறாத பாடம். அங்கே ஐந்து பாடம் படித்து இங்கே இரண்டைத்தான் ஏற்றுக்கொள்வார்கள் என்றால், பட்டப்படிப்பு இன்னொரு செமஸ்டர் நீளும் ஆபத்து உண்டு. அரை ஆண்டுக் கட்டணம் ஒரு பக்கம், வேலைக்குப் போய்ச் சம்பாதித்திருக்க வேண்டிய அரை ஆண்டுச் சம்பளம் இன்னொரு பக்கம். எந்த ஊர் வாடகையும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் தாளைத் திருப்பிப் போட்டோம். முதலில் பாடம், அப்புறம் தேதி, கடைசியில் காசு.

பாடத்தில் ஜெர்மனி முதலில் அள்ளிக்கொண்டு போனது. அங்கே ஒரு செமஸ்டருக்கு ஐரோப்பியப் பாடப்புள்ளியான ஈசிடிஎஸ் 30, அது தேசியப் பல்கலைக்கழகக் கணக்கில் 20 யூனிட். வெப்ப இயக்கவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் என்று அவளுக்கு வேண்டிய ஐந்தும் பட்டியலில் இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் அவள் பாட விவரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இரண்டு பாடங்கள் குளிர்கால செமஸ்டரில் மட்டும். ஒன்று ஜெர்மன் மொழியில். மிச்சம் இரண்டு. பட்டியலில் பாடத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த செமஸ்டரில், எந்த மொழியில், முதுநிலை மாணவர்களுக்கா இளநிலைக்கா என்று மூன்றையும் பார்த்த பிறகே தாளில் எழுதவேண்டும். இன்னொன்று, ஜெர்மனியில் பல பாடங்களுக்கு மொத்த மதிப்பெண்ணும் கடைசித் தேர்வில்தான். அந்தத் தேர்வுக்கும் தனியாகப் பதிவு செய்யவேண்டும். வகுப்பில் உட்கார்ந்தவர் பெயர் தேர்வுக்குத் தானாக வந்துவிடாது. கிரேடும் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் போச்சு.

இங்கிலாந்தில் மூன்று பாடங்கள் பொருந்தின. அங்கே 40 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தாலே முதல் வகுப்பு. எண்பதுக்குக் கீழே வந்தால் முகம் சுளிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் 62 என்று பார்த்தவுடன் அழக்கூடாது.

கொரியாவில் நான்கு. தேஜோன் நகரில் இருக்கும் கைஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பெரும்பாலான வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, சோலின் பெரிய பல்கலைக்கழகங்களிலும் ஆங்கிலப் பாடங்கள் உண்டு. ஆனால் பாடப்பதிவு அங்கே ஒரு போர்க்களம். குறித்த நிமிடத்தில் இணையப் பக்கம் திறக்கும், முந்தினவருக்கு இடம். அவள் பதிவு செய்த அன்று இரண்டு பாடங்கள் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிட்டன. கையில் மாற்றாக வேறு நான்கு பாடங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்திருந்ததால் தப்பினாள். ஐந்து இடத்துக்குப் பத்துப் பாடம் கொண்டு போவது பேராசை இல்லை.

தேதிக்கு வருவோம். பொருத்தம் பார்ப்பதில் மற்ற ஒன்பதும் சேர்ந்து ரஜ்ஜு தட்டிய கதை இது. இங்கே முதல் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது, இரண்டாவது ஜனவரியில். ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை இழுக்கிறது. ஜனவரியில் இங்கே வகுப்பில் இருக்கவேண்டியவள் அங்கே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். ஏப்ரலில் தொடங்கும் கோடைக்கால செமஸ்டர் என்றால் இடிக்காது. நடுவில் கிடைக்கும் மூன்று மாதத்தில் வேலைப் பயிற்சிகூடச் செய்யலாம். ஆனால் அவளுக்கு ஜனவரி செமஸ்டரில் இங்கே கட்டாயப் பாடம் ஒன்று இருந்தது. இங்கிலாந்திலும் சில பல்கலைக்கழகங்கள் செப்டம்பர் செமஸ்டருக்கான தேர்வை ஜனவரியில் வைக்கின்றன. கொரியா செப்டம்பர் தொடக்கம் முதல் டிசம்பர் மூன்றாம் வாரம் வரை. வெட்டி வைத்தாற்போல் பொருந்தியது.

இப்போது காசு. இங்கே செலவையும் முடக்கத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் மாதச் செலவு லண்டனைவிடக் குறைவு, ஒரே மாதப் பயணச்சீட்டில் (2025இல் 58 யூரோவாக இருந்தது) நாடு முழுவதும் வட்டார ரயிலிலும் பேருந்திலும் சுற்றலாம். ஆனால் 90 நாளுக்கு மேல் தங்க சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களும் முன்கூட்டியே விசா எடுக்கவேண்டும். அதற்கு, முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் பணம் போட்டுக் காட்டுவது வழக்கம். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, நம் கணக்கில் ஒன்பதாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவுக்கு. பணம் நம்முடையதுதான், அங்கே போனபின் மாதாமாதம் திரும்ப வரும். ஆனால் விடுதி முன்பணம், டிக்கெட், காப்புறுதி எல்லாம் வரிசைகட்டி நிற்கும் அதே மாதத்தில் ஒன்பதாயிரம் வெள்ளியைக் கையைவிட்டு எடுத்து வைக்க எல்லாக் குடும்பத்தாலும் முடியுமா?

இங்கிலாந்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆறு மாதம் வரையிலான படிப்புக்குச் சிங்கப்பூரர்கள் வருகையாளராகவே போகலாம். 2025 ஜனவரியிலிருந்து மின்னியல் பயண அனுமதி மட்டும் முன்பே எடுத்துக்கொள்ளவேண்டும். பகுதிநேர வேலை பார்க்க முடியாது. அடி விழுவது வாடகையில். லண்டனில் வாரம் 200 பவுண்டுக்குக் குறைந்து விடுதி அறை கிடைப்பது அரிது, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 340 வெள்ளி. தனியார் விடுதிகள் பல முழு ஆண்டுக்கு ஒப்பந்தம் கேட்கின்றன. சித்தப்பா வீட்டு ரசம் அந்தப் பள்ளத்தை நிரப்பாது என்று என் கணவரே ஒப்புக்கொண்டார்.

கொரியாவுக்கும் மாணவர் விசாவும் வங்கி இருப்புச் சான்றும் வேண்டும், ஆனால் பணம் முடங்கவில்லை. வளாக விடுதியும் மலிவு. சாப்பாடுதான் சோதனை. காய்கறிச் சூப் என்று நம்பிக் குடித்தால் அடியில் நெத்திலி வாசம். மகள் முட்டை வரை இறங்கினாள், அதற்குமேல் இங்கே தேக்கா சந்தையில் வாங்கிக்கொண்டு போன பருப்புப் பொடி.

நிரந்தரவாசியாக இந்தியக் கடப்பிதழோடு இருக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தாள் மாறும். இங்கிலாந்தின் விசா சலுகை அவர்களுக்கு இல்லை. மறுநுழைவு அனுமதி பயணத்தின் நடுவில் காலாவதியாகாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். நாங்கள் கைவைத்த முதல் பணமும் குடிமக்களுக்கு மட்டும் உள்ளது: உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசுக் கணக்கான எடுசேவில் மிஞ்சியது அங்கேதான் வந்து சேர்கிறது. 30 வயதுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் மத்திய சேம நிதிக்குப் போய்விடும். பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யும் வெளிநாட்டுத் திட்டத்துக்கு அதிலிருந்து எடுக்க விண்ணப்பிக்கலாம். கட்டணக் கடனும் சேம நிதிக் கல்விக் கடனும் கட்டணத்துக்குத்தான், சோல் வாடகைக்கு உதவாது.

தாளில் நாங்கள் கடைசிவரை எழுத மறந்த ஒரு வரி உண்டு. அவள் இங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து மாதம் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதம் அது நின்றது. அந்தப் பிள்ளைகள் வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள், திரும்பி வந்து புதிதாகத் தேடவேண்டியிருந்தது.

கோடைக்காலக் குறும்படிப்பையும் ஐந்து நிமிடம் பேசினோம். சில வாரங்களில் முடிந்துவிடும், செமஸ்டர் எதையும் தொடாது. ஆனால் பலவற்றில் கட்டணத்தை நாமே தனியாகக் கட்டவேண்டும், கிடைப்பதோ ஒன்றிரண்டு பாடம். ஆராய்ச்சித் திட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு செமஸ்டர் விலகவே முடியாதவர்களுக்கு அது சரி.

மகள் கொரியா போய்வந்தாள். ஐந்தில் நான்கு பாடங்கள் ஏறின, விட்டுப்போன ஒன்றை இந்த செமஸ்டரில் கூடுதலாக எடுத்திருக்கிறாள். இந்தச் செலவுக் கணக்கில் கே-டிராமாவுக்குப் பங்கில்லை என்று இன்றும் சத்தியம் செய்கிறாள். தம்பி இப்போது தேசிய சேவையில் இருக்கிறான், அவனுக்குக் கணினிப் படிப்பில் இடம் உறுதியாகிவிட்டது. அவனுடைய மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். ஜனவரி செமஸ்டரில் கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. ஒன்பதாயிரம் வெள்ளிக்கு இப்போதே மாதம் இருநூறு என்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.