கன்று, களை மருந்து, பராமரிப்பு எல்லாம் ஒரே ஆளிடமா? உஷார்!

"நாட்டு மரக்கன்று நாங்களே தருகிறோம், குழியும் எடுக்கிறோம், களைக்கு மருந்தும் அடித்துவிடுகிறோம்" என்று மொத்தமாக ரேட் பேசி வருகிறவர்களிடம் நிலத்தை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் பணமும் போனது, ஒரு பருவமழையும் போனது.

கிழக்குக் கடற்கரையோரம் ஒரு காலத்தில் பரவிக் கிடந்த உலர் பசுமைமாறாக் காடு, இன்று புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. மரக்காணம் பக்கம் எங்கள் குடும்ப நிலத்தில் ஒரு பகுதியை அந்தக் காட்டின் மரங்களுக்கே விட்டுவிட நினைத்தோம். வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டு எலுமிச்சை, சரக்கொன்றை என்று பட்டியல் எழுதிக் கொடுத்து முன்பணமும் கட்டினோம்.

ஐப்பசியில் வண்டி வந்தது. கன்றுகள் இடுப்பு உயரம், பளபளவென்ற இலை, ஆனால் தண்டு பென்சில் கனம்கூட இல்லை. நிழல்வலைக்குள்ளேயே வளர்த்து, வெயில் பழக்காமல் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பையைக் கிழித்தால் ஆணிவேர் அடியில் ஜாங்கிரி மாதிரி சுருண்டு கிடந்தது. இப்படிப்பட்ட கன்று ஓரிரு வருடம் நன்றாகத் தெரியும், பிறகு ஒரு பெருங்காற்றில் அடியோடு சாயும். பைமண்ணில் கோரைக்கிழங்கும் பார்த்தீனியமும் இலவசம். வீரை ஒன்றுகூட இல்லை, அதற்குப் பதில் தூங்குமூஞ்சி. கேட்டதற்கு, "வீரை மெதுவா வளரும் சார், இது சீக்கிரம் நிழல் தரும்" என்றார் ஒப்பந்தக்காரர். தூங்குமூஞ்சி தென்னமெரிக்க மரம். நாங்கள் கேட்டது நிழல் இல்லையே!

சரக்கொன்றை என்று இறக்கியது மஞ்சக்கொன்றை. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். சரக்கொன்றையின் சிற்றிலைகள் பெரியவை, ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடி வரை இருக்கும். மஞ்சக்கொன்றையில் சிறிய, நீள்வட்டச் சிற்றிலைகள் அதைவிட நெருக்கமாக அடுக்கியிருக்கும். இதன் உறவான இன்னொரு அயல் கொன்றைதான் முதுமலைக் காட்டைப் பிடித்துக்கொண்டு வனத்துறையைப் பாடாய்ப்படுத்துகிறது. அதனால் பெயரை நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள்.

இதைவிட மோசம் மருந்து விஷயம். லேபிள் இல்லாத வெள்ளை கேனில் எதையோ கொண்டுவந்து, "புல்லு மட்டும்தான் சாகும்" என்று சொல்லி, கடற்காற்று வீசும் மதியத்தில் அடித்தார்கள். அடித்த பையன் கையுறையோ முகக்கவசமோ இல்லாமல், வெறுங்கையால் கலக்கினான். அவனைப் பார்க்கவே வயிறு கலங்கியது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லி உடம்புக்குள் போனால் அதற்கு விஷமுறிவு மருந்தே கிடையாது. கேனில் பெயரே இல்லையென்றால் டாக்டர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்?

சில நாளில் புல் பச்சையாகவே நின்றது, கன்றுகளின் குருத்துகள் முறுக்கிக்கொண்டன. பக்கத்துக் கொல்லையில் கத்தரிச் செடிகளும் சுருண்டன. நெல் வைப்பவர்களுக்கு உடனே புரியும்: இது 2,4-டி என்ற களைக்கொல்லி செய்கிற வேலை. புல் இனத்தை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளைத் தாக்குவதால்தான் அதை நெல் வயலில் அடிக்கிறோம். அதன் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிப் பக்கத்து வயலுக்கும் போகும். வந்து பார்த்த வேளாண் அலுவலரும் அதையே சொன்னார். ஒப்பந்தக்காரரோ "மழை சரியில்லை சார்" என்றதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் உரிமத்தைக் கேளுங்கள். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு ஆணைப்படி, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். எந்த மருந்தானாலும் சீல் உடையாத டப்பா, லேபிளில் நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோணத்தின் நிறம், கடை பில் மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. முந்தைய மருந்தின் மிச்சமே கன்றைக் கெடுக்கும், ஆகவே களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வேண்டும். காற்று இல்லாத காலையில், மருந்து சிதறாமல் நாசிலுக்குக் குடை போன்ற மூடி மாட்டி, தாழ்வாக அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கையால் கொத்திவிட்டு வைக்கோல் மூடாக்குப் போடுவதே போதும். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கன்றுக்கு ஒரு வருடம் முன்பே சொல்லி வையுங்கள். வேம்பு, நாவல் போன்றவற்றின் விதை பறித்த சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும், பருவத்தில் விதைத்தவரிடம்தான் உண்மையான கன்று இருக்கும். நர்சரிக்கு நேரில் போய், நீங்கள் சுட்டிக்காட்டும் பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தேதியோடு எடுத்த படங்கள், காலி கேன் எதையும் தொலைக்காதீர்கள். மருந்து பட்ட கன்றுகளையும் கோபத்தில் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், அலுவலர் வந்து பார்த்து எழுதும்வரை அவை அங்கேயே நிற்கட்டும்.