'யார் பார்க்கிறீர்கள்?': ஒரு ஸ்ட்ரீமிங் சேவையின் குழந்தைகள் பிரிவோடு 41 நாட்கள்

மகள் வேலை முடிந்து வரும்வரை, மாலை 5 மணியிலிருந்து 7 மணிவரை, ஏழு வயதுப் பேத்தியும் நான்கு வயதுப் பேரனும் என் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் இந்த ஸ்ட்ரீமிங் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். 'குடும்பமே சேர்ந்து மகிழ' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். 34 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். அச்சில் ஒரு சொல் வந்தால் அதற்கு ஒரு பொருள் இருக்கும் என்று நம்பும் பழக்கம் இன்னும் விடவில்லை.

செயலியைத் திறந்ததும் திரை கேட்கிறது: 'யார் பார்க்கிறீர்கள்?' கீழே ஐந்து வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு முகம். கேள்வி பன்மையில் இருக்கிறது. மரியாதைப் பன்மை என்று வாதிடலாம், ஏனென்றால் ஒரு முகத்தைத்தான் அழுத்த முடியும். 'எல்லோரும்' என்று ஒரு வட்டம் கிடையாது. பேத்தியின் முகத்தை அழுத்தினால் ஏழு வயதுக்கானவை வருகின்றன, தம்பி ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறான். தம்பியின் முகத்தை அழுத்தினால் பேசும் லாரிகள் வருகின்றன, அக்காள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். என் முகத்தை அழுத்தினால் கொலை, விசாரணை, மறுபடியும் கொலை. மூவரும் ஒரே சோபாவில் இருக்கிறோம் என்பது அந்தச் சேவைக்குத் தெரியாது. தெரிந்தாலும் எங்கள் மூவருக்கும் பொதுவாகத் தர அதனிடம் ஒன்றும் இல்லை. என் குறை இவ்வளவுதான். மற்றதெல்லாம் சாட்சிகள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரமே இல்லை. கடவுச்சொல் பூட்டு உறுதியாக இருக்கிறது. பேத்தி நான்கு இலக்கங்களை மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டாள். படம் தெளிவு, தடங்கல் இல்லை.

தானாக அடுத்த பகுதிக்குத் தாவும் ஏற்பாடுதான் முதல் தொல்லை. கதை முடிந்த மறுநொடி, பெயர்ப் பட்டியல் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது. ஐந்து விநாடி எண்ணிக்கை ஓடுகிறது, அடுத்த கதை தொடங்கிவிடுகிறது. பெயர்ப் பட்டியலை வாசிப்பவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. முன்பெல்லாம் அந்தப் பெயர்கள் ஓடும் ஒரு நிமிடத்தில்தான் குழந்தைகள் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார்கள். 'அந்தக் குதிரை வீட்டுக்குப் போய்விட்டதா?' என்று கேட்பார்கள். இப்போது கேள்வி வாயிலிருந்து வருவதற்குள் அடுத்த குதிரை வந்து நிற்கிறது. இதை நிறுத்தும் வசதி தொலைக்காட்சியிலுள்ள செயலியில் இல்லை. கணினியில் கணக்கைத் திறந்து, நான்காவது பக்கத்தில் தேடினால் கிடைக்கும். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

இரண்டாவது, வேகம். பேரனுக்குப் பிடித்த லாரிக் கதையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை காட்சி மாறுகிறது என்று குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணினேன். 27. கோடு போடுவதற்கே எனக்குக் கை வலித்தது. அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரில் ஒரு பிரிவினர் வேகமான கார்ட்டூன் ஒன்றை 9 நிமிடம் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு நிதானமான கல்வி நிகழ்ச்சியோ, படம் வரையும் வேலையோ கிடைத்தது. உடனே வைத்த சோதனைகளில், பொறுமையும் கவனமும் தேவைப்பட்ட இடங்களில் முதல் பிரிவு பின்தங்கியது. சின்ன ஆய்வுதான், நீண்டகால விளைவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆனால் 7 மணிக்குத் திரையை அணைத்த பிறகு எங்கள் கூடத்தில் நடக்கும் கூத்தைப் பார்ப்பவருக்கு அந்த ஆய்வு புதுச் செய்தியாக இருக்காது.

மொழிமாற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஒரு தாத்தா கரடி தன் பேரனிடம் 'நான் உன்னைக் குறித்துப் பெருமிதமாக உணர்கிறேன்' என்கிறது. எந்தத் தாத்தாவும் இப்படிப் பேசியதில்லை, கரடியாக இருந்தாலும்.

'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று இழுக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்திலும் குப்பை இருந்தது. 1980-களில் அமெரிக்காவில் விதிகள் தளர்ந்ததும், பொம்மையை விற்பதற்கென்றே தொடர்கள் வரிசையாக வந்தன. 1983-இல் தொடங்கிய 'ஹீ-மேன்' தொடரின் நாயகன், கடையிலிருந்து திரைக்கு வந்த பொம்மைதான். ஆனால் நல்லதைச் செய்தவர்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 1969 நவம்பரில் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்புவதற்கு முன் குழந்தைகளை உட்காரவைத்துச் சோதித்தார்கள்: தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு திரை, ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும். குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் போகிறதோ, அந்த இடத்தில் நிகழ்ச்சி தோற்றது என்று குறித்துக்கொண்டார்கள். இன்றைய நிறுவனங்களும் கண் விலகும் இடத்தைத்தான் தேடுகின்றன, ஆகவே உத்தி புதிதல்ல. ஆனால் 'செசமி ஸ்ட்ரீட்'காரர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். குழந்தைக்குப் புரியாத நகைச்சுவையையும், பெரியவர்களுக்குத் தெரிந்த விருந்தினரையும் வேண்டுமென்றே நுழைத்தார்கள். அம்மாவோ அப்பாவோ எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பேசுவார்கள், பேசினால் குழந்தை கூடுதலாகக் கற்கும் என்பது கணக்கு. பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து எழுதினார்கள்.

இந்தச் சேவையில் பக்கத்து இருக்கைக்கு யாரும் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் என் கண் செருகிவிடுகிறது. எழுதவும் காரணமில்லை. வீட்டுக்கு ஒரே தொலைக்காட்சி இருந்தபோது, எல்லோரையும் உட்காரவைத்த நிகழ்ச்சியே விளம்பரதாரருக்கு லாபம். இப்போது ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு வட்டம்.

23-ஆம் நாள் வேறொரு அனுபவம். பேத்தி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆற்றங்கரைக் கதை ஒன்று, இருப்பதில் ஓரளவு நிதானமானது, காணாமல் போனது. அறிவிப்பு இல்லை, தேடினால் 'இதைப் போன்றவை' என்று லாரிகளைக் காட்டுகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், உரிமக் காலம் முடிந்தது என்று இரண்டு வரி வந்தது. இது எங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2022 ஆகஸ்டில் 'எச்பிஓ மேக்ஸ்' சேவையிலிருந்து 'செசமி ஸ்ட்ரீட்'டின் ஏறத்தாழ 200 பழைய பகுதிகள் நீக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2016 முதல், புதிய பகுதிகள் கட்டணம் கட்டுவோருக்கு முதலில், பொதுத் தொலைக்காட்சிக்கு ஒன்பது மாதம் கழித்து என்று ஆகியிருந்தது. வசதியற்ற வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகும்முன் எழுத்தறிய வேண்டும் என்று பிறந்த நிகழ்ச்சி அது.

கோபத்தில் அன்று மாலை அலமாரியிலிருந்து ஒரு பழைய டிவிடியை எடுத்துப் போட்டேன். 'மிஸ்டர் ராஜர்ஸ்', 1968 முதல் 2001 வரை அமெரிக்காவில் ஓடிய குழந்தைகள் நிகழ்ச்சி. ஒருவர் வீட்டுக்குள் வருகிறார், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் போடுகிறார், உட்கார்ந்து காலணியை மாற்றுகிறார். பேரன் என்னைப் பார்த்தான். 'தாத்தா, இவர் எப்போது ஆரம்பிப்பார்?'

'ஆரம்பித்துவிட்டார்டா.'

ஆங்கிலம் என்பதால் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் மீன்களுக்கு உணவு போடும்போது 'இதோ போடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வார். பார்வையற்ற சிறுமி ஒருத்தி, மீன்கள் பட்டினியோ என்று கவலையாக இருக்கிறது என்று எழுதியதால் வந்த வழக்கம் அது. இதைச் சொன்னதும் பேத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். தம்பியும் மூடினான், உடனே ஒரு கண்ணைத் திறந்தான். அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை, நான் உட்பட.

புதிதாக நல்லது வரவே இல்லை என்றால் அதுவும் பொய். 2018-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'புளூயி', நீல நாய்க்குட்டியின் கதை, பகுதிக்கு ஏழு நிமிடம். அதில் அப்பா நாய் களைத்துப்போய்த் தரையில் கிடந்தபடியே குழந்தைகளோடு விளையாடுகிறது. மகள் வேறோர் இடத்திலிருந்து போட்டுக் காட்டினாள். நான்கு பேரும் சிரித்தோம், வெவ்வேறு இடங்களில். நான் சந்தா கட்டிய சேவையில் அது இல்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று விளம்பரம் இல்லாததற்கு, ஒன்று பூட்டுக்கு. சமைக்கும் நேரத்தில் ஒரே ஒரு குழந்தையை இருபது நிமிடம் அசையாமல் உட்காரவைக்க வேண்டும் என்பவருக்கு இது போதும். வாங்குவதென்றால் மாதச் சந்தாவாக வாங்குங்கள். ஆண்டுச் சந்தாவை நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்பாது என்பது விதிகளின் 14-ஆம் பத்தியில், நான் படிக்காத ஒரே பத்தியில், இருக்கிறது.